கொம்பு ஊதவில்லை

போன மாதம் உங்களில் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். கையில் சர்வே கேள்வித்தாள், தோளில் பை, முகத்தில் அவசரம். "அம்மா, இதைப் பார்த்துச் சரி இருக்கான்னு சொல்லுங்க" என்று நீட்டினீர்கள். நான் முதல் வரியைப் படித்துவிட்டு டீ போட எழுந்து போய்விட்டேன். கிழவிக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். மறதி இல்லை. அந்த முதல் வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. 'தொழிலாளியின் பெயர் - இரகசியமாக வைக்கப்படும்' என்று அச்சடித்திருந்தீர்கள். அதே வரியை அதே இடத்தில் நானும் ஒரு காலத்தில் அச்சடித்தேன். அன்றைக்கு உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் போர்ட் பிளேரில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, வீடு மின்னி பேயில். மெட்ராஸுக்குப் போய் சமூகவியல் எம்.ஏ. படித்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் தீவுக்குத் திரும்பினேன். பகலில் தொழிலாளர் வாழ்க்கை பற்றிய ஆராய்ச்சி, சாயங்காலம் சங்க வேலை. சங்கத்தில் உனக்கு என்ன வேலை என்று படிப்புக்காரர்கள் கேட்டார்கள். நோட்டுப் புத்தகத்தை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்று சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் திமிராகப் பதில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வயது இருபத்தாறு. தெரியாதது எதுவும் இல்லை என்று நினைக்கும் வயது அது.

சௌல்தாரியைத் தாண்டி ஒரு கல் குவாரி இருந்தது. சாலைக்குக் கல் உடைக்கும் தனியார் காண்டிராக்டர் ஒருவருடையது. மலைச் சரிவில் மூன்று வரிசைக் குடிசைகள்: தெலுங்கு ஆட்களுக்கு ஒன்று, ராஞ்சிக்காரர்களுக்கு ஒன்று, நம் ஆட்களுக்கு ஒன்று. குடிசை காண்டிராக்டருடையது. வேலை போனால் குடிசை போகும், குடிசை போனால் அடுத்த கப்பலில் மெயின்லேண்டுக்கு ஏற்றிவிடுவார்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அங்கே வெடி வைக்கக் குழி போடும் தெலுங்குத் தொழிலாளி ஒருவர் வெடியில் இறந்துபோனார். சீட்டி அடித்தோம், சிவப்புக் கொடி நட்டிருந்தோம், அந்த ஆள் சொல் கேட்காமல் தானே உள்ளே போனார் என்று காண்டிராக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பத்துப் பதினைந்து பேரின் கைநாட்டும் அதன் கீழே இருந்தது. விசாரணைக்கு ஓர் அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது.

எங்கள் சங்கச் செயலாளர் இந்தத் தீவிலேயே பிறந்தவர். அவருடைய பாட்டனாருக்கு அப்பா கைதியாக வந்தவராம். தமிழ் பேசுவார், எழுத்து மட்டும் இந்திதான் தெரியும். அவர் என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, யூனியன்காரன் போனா அங்கே ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். டர் கயா சப், எல்லாரும் பயந்து கெடக்குறாங்க. நீ சர்வேன்னு சொல்லிட்டுப் போ. படிச்ச பொண்ணு, உன்னை யாரும் தடுக்க மாட்டாங்க" என்றார்.

போனேன். மேஸ்திரி ராமநாதபுரத்துக்காரர். ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் நான் கேட்டதெல்லாம் எத்தனை பேர் குடும்பத்தில், எந்த ஊர், என்ன சாப்பாடு என்பதுதான். வெடியைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோருக்கும் திடீரென்று அடுப்பில் வேலை வந்துவிடும்.

மூன்றாம் நாள் ஒரு பெண் பேசினார். நாற்பது வயது இருக்கும். அந்தத் தமிழ் வரிசையில் ஒரே ஒரு சிலோன் குடும்பம் அவருடையது. மற்ற பெண்கள் கல்லைத் தலையில் சுமப்பார்கள். இவர் கூடையை முதுகில் போட்டு, கயிற்றை நெற்றியில் மாட்டிச் சுமப்பார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து சுமந்த பழக்கம். தோட்டத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பி, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கே வந்த ஏஜென்ட் ஒருவனின் பேச்சை நம்பித் தீவுக்கு வந்தவர்கள். வீட்டுக்காரர் மார்புச் சளியில் படுத்துக் கிடந்தார். குடிசை இந்த அம்மாவின் கூடையில்தான் நின்றுகொண்டிருந்தது.

அவர் என்னை 'டீச்சரம்மா' என்று கூப்பிட்டார். நோட்டுப் புத்தகத்தோடு வருகிற பெண் டீச்சராகத்தானே இருக்க முடியும். நானும் திருத்தவில்லை.

"நான் சொன்னேன்னு எங்கயும் வரப்படாது டீச்சரம்மா" என்றார். "தோட்டத்துல பொறந்து வளந்த எங்களை, நீ இந்தியாக்காரி போன்னு கப்பலேத்துனான். மண்டபத்துல எறங்குனா, நீ சிலோன்காரின்னான். இங்கேருந்தும் ஏத்திவுட்டா நாங்க எங்கன எறங்குறது?"

"உங்க பேரு எங்கயும் வராதும்மா. நான் பாத்துக்கிறேன்" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் தெரியுமா.

பிறகு அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன். "பெரட்டு கலைஞ்சு மலையேறி ஒரு மணி நேரம் இருக்கும். ஒரு வெடி வெடிச்சுச்சு. ரெண்டாவது வெடிக்கலை. வெடிக்கலையே, போயிப் பாருடான்னு மேஸ்திரிதான் அனுப்புனாரு. செத்துப்போனவரு போயிக் குனிஞ்சாரு, அப்பத்தான் அது வெடிச்சுச்சு. கொம்பு ஊதலை. கொம்பு ஊதியிருந்தா நாங்கல்லாம் லயத்துப் பக்கமா ஒதுங்கியிருக்க மாட்டமா? கூடையோட அங்கனயேதானே நின்னோம்."

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். கொம்பு, வேலைக்கும் ஆபத்துக்கும் ஊதுவது. லயம், வரிசை வீடு. குவாரியில் மற்றவர்கள் இவற்றுக்கு ஹாஜிரி, சீட்டி, லைன் என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு தேனாக இனித்தது.

எழுந்திருக்கும்போது அவர் என் முந்தானையைப் பிடித்தார். "அவரு பேரை எழுதிக்கிட்டீங்களா? நம்ம ஆளுக இல்ல, பேரு நம்ம வாயில சரியா வராது. தப்பா எழுதிப்புடாதீங்க. எங்க வீட்டுக்காரரு மயங்கிக் கெடந்தப்ப முதுகுல தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனவரு அவரு." இறந்தவரின் பெயரை மூன்று முறை சொன்னார். எழுதிக்கொண்டேன் என்று நோட்டைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் உட்கார்ந்து அறிக்கை தயாரித்தேன். ஆங்கில அறிக்கை, நடுவே தொழிலாளர்கள் சொன்னது தமிழில். நாலு கார்பன் பிரதியோடு என் கையாலேயே தட்டச்சு செய்தேன். அந்த அம்மாவை மறைக்க நான் செய்த ஏற்பாடுகளை நீங்கள் கேட்க வேண்டும். பெயரை எடுத்துவிட்டு 'தொழிலாளி ஏழு' என்று போட்டேன். ஊரை சேலம் ஜில்லா என்றேன். வயதில் பத்தைக் கூட்டினேன். உயிரோடு இருந்த புருஷனை எடுத்துவிட்டு, பாவி, விதவை ஆக்கினேன். முதுகுக் கூடையைப் பற்றி மூச்சே விடவில்லை. படித்த முறைப்படி இறந்தவரின் பெயரையும் எடுத்துவிட்டு 'ஒரு தொழிலாளி' என்று போட்டேன். ஒன்றை மட்டும் தொடவில்லை. அவர் பேசிய பேச்சு. தொழிலாளியின் குரலைத் திருத்தக்கூடாது, புத்தகத் தமிழாக்கக்கூடாது என்பது என் கொள்கை. அந்தக் காலத்தில் அதைப் பற்றிப் பெரிய பிரசங்கமே செய்வேன்.

செயலாளர் ஆங்கிலத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "ஷாபாஷ்" என்று முதுகில் தட்டினார். தமிழ் வரிகளை நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அங்கேயே பிடித்திருப்பார்.

இத்தனைக்கும் நான் இந்தத் தீவில் வளர்ந்தவள். இங்கே ஒருவர் வாயைத் திறந்தால் போதும், எந்த ஜில்லா, எந்தத் தாலுகா என்று சொல்லிவிடுவார்கள். அவரவர் வந்த ஊர்ப் பேச்சைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள்தானே எல்லோரும். மின்னி பேயில் எங்கள் குழாயடியில் எந்த வீட்டு அம்மா சண்டை போடுகிறார் என்று நான் உள்ளே அடுப்படியில் இருந்துகொண்டே சொல்வேன், முகம் பார்க்க வேண்டியதில்லை. அது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், தட்டச்சுக்கு முன்னால் உட்கார்ந்ததும் புத்தி மெட்ராஸுக்குப் போய்விட்டது.

விசாரணை குவாரியின் கோடவுனில், காலை பத்து மணிக்கு. அதிகாரி வடக்கேயிருந்து வந்தவர், மரியாதையான மனிதர், தமிழ் தெரியாது. மேஜைக்கு ஒரு பக்கம் காண்டிராக்டரின் ஆளாக மேஸ்திரி, மறு பக்கம் நானும் செயலாளரும். வேலையை நிறுத்திவிட்டு வந்த தொழிலாளர்கள் வாசலிலும் ஜன்னலிலும் நெருக்கியடித்து நின்றார்கள். இறந்தவரின் மனைவி வாசற்படிக்கு உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெலுங்கு தவிர வேறு தெரியாது. தன் புருஷனைப் பற்றி நடக்கும் விசாரணையில் தனக்குப் புரியாத மொழிகளைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். நம் அம்மா ஜன்னலோரம் நின்றார், கூடை முதுகிலேயே இருந்தது.

அதிகாரி என் அறிக்கையைப் புரட்டிவிட்டு இந்தியில் சொன்னார்: "இந்த ஏழாவது தொழிலாளி சொன்னதைத் தமிழிலேயே வாசியுங்கள். எல்லோரும் கேட்கட்டும். யாருக்காவது மறுப்பு இருந்தால் சொல்லட்டும். பிறகு எனக்கு இந்தியில் சொல்லுங்கள்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுந்து நின்றேன். காலேஜில் நாடகம் போட்டவள் வேறு. அந்த அம்மா எப்படி இழுத்தாரோ அப்படியே இழுத்து, எங்கே நிறுத்தினாரோ அங்கேயே நிறுத்தி வாசித்தேன். "பெரட்டு கலைஞ்சு மலையேறி..."

இரண்டாவது வாக்கியத்தில் ஜன்னலில் ஒரு தலை திரும்பியது. பிறகு இன்னொன்று. 'கொம்பு ஊதலை' என்று நான் சொல்லும்போது வாசலில் நின்றவர்கள், ஜன்னலில் நின்றவர்கள், அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோள் சொல்ல வேண்டும் என்று யாரும் திரும்பவில்லை, பாவம். பக்கத்து வீட்டுக்காரியின் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்க மாட்டோமா, அந்த மாதிரிதான் திரும்பினார்கள். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. எதைப் பார்க்கிறார்கள் என்று நானும் திரும்பினேன். அந்த அம்மாவின் முகம் எனக்கு நேராக இருந்தது.

மேஸ்திரி திரும்பவே இல்லை. அவருக்குத் தேவைப்படவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "அடேயப்பா, என்ன, சிலோன் வாடை இப்படித் தூக்குது" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பெயரை மறைத்த நான் பேச்சை மறைக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. காட்டிக்கொடுத்தது யார்? மேஸ்திரியா, காண்டிராக்டரா? நான். எழுந்து நின்று, நடித்து, ரசித்துக் காட்டிக்கொடுத்தேன்.

அதிகாரி, "யார் இந்தப் பெண்? இங்கே இருக்கிறாரா?" என்று கேட்டார்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். தப்பு செய்த அடுத்த நிமிஷம்தான் மனுஷன் அதைவிடப் பெரிய தப்பைச் செய்கிறான். செயலாளர் என் கையைப் பிடித்து அழுத்தினார், பொறு என்று. நான் பொறுக்கவில்லை. அந்த அம்மாவைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற ஒரே வெறி. "அப்படி ஒரு பெண் கிடையாது சார். பல பேர் சொன்னதைச் சேர்த்து நானே எழுதியது" என்று இந்தியில் சொன்னேன்.

அதிகாரி பேனாவை மூடினார். "அப்படியென்றால் இது சாட்சி இல்லை. கஹானி" என்றார். கதை என்று அர்த்தம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

செயலாளர் என் கையை விட்டுவிட்டார். "யே கியா கியா, என்ன பண்ணிட்டே தங்கச்சி" என்று முணுமுணுத்தார். "செத்தவனை ரெண்டாவது தடவை கொன்னுட்டியே." ஒரு மணி நேரத்துக்குள் உயிரோடிருந்தவரைக் காட்டிக்கொடுத்தேன், செத்தவரின் வழக்கைக் குழிதோண்டிப் புதைத்தேன். வாசற்படியில் அந்தத் தெலுங்குப் பெண் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அதிகாரி ஃபைலைக் கட்டப் போனார். அப்போது ஜன்னல் பக்கம் சலசலப்பு. நம் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நெற்றிக் கயிற்றைக் கழற்றி, கூடையை வாசலுக்கு வெளியே இறக்கி வைத்தார். உள்ளே வந்து என் முன்னால் நின்றார்.

"சார்கிட்ட சொல்லுங்க டீச்சரம்மா. அது நான் சொன்னது. கதையில்ல."

"வேண்டாம்மா" என்றேன், உதடு அசையாமல். "நான் சமாளிச்சுக்கிறேன். நீங்க போங்க."

"என்னத்தச் சமாளிச்சீங்க? எல்லாருந்தான் பாத்துட்டாங்களே. லயம் போறது போவட்டும். சொன்னதும் சேந்து போவணுமா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதிகாரி என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்றார். மொழிபெயர்க்கும் பொறுப்பை அவர் என்னிடம்தான் கொடுத்திருந்தார். நான் சொன்னேன். நான் சற்று முன் சொன்னது பொய், இவர்தான் அந்தப் பெண், சொன்னது இவர்தான் என்று என் வாயாலேயே சொன்னேன். அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். பெயர் கேட்டார். அந்த அம்மா தன் பெயரையும் புருஷன் பெயரையும் சொன்னார். அது அந்த ஃபைலில் இருக்கிறது. அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். முதல் வார்த்தையே இறந்தவரின் பெயர்தான். "சிம்மாத்ரி தானாப் போகலைங்க."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலை சடாரென்று நிமிர்ந்தது. காலையிலிருந்து முதல் முறையாக அவர் சுவரை விட்டுக் கண்ணை எடுத்து, பேசுவது யார் என்று பார்த்தார். தவழாத குறையாக நகர்ந்து முன்னால் வந்தார்.

நம் அம்மா அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க வாசிச்சதுல அவரு பேரே இல்லையே டீச்சரம்மா. மூணு தடவை சொன்னேனே. அந்தப் புள்ள காலையிலேருந்து அங்கன குந்தியிருக்கு. நம்ம பேச்சு அதுக்கு வெளங்காது. பேரைச் சொல்லியிருந்தா அதாவது வெளங்கியிருக்கும்ல."

இதை நான் அதிகாரிக்கு மொழிபெயர்க்கவில்லை. அது எனக்குச் சொன்னது. மறைக்க வேண்டியதை அப்படியே விட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைத் தேடித் தேடி மறைத்திருக்கிறேன். முறை என்று எனக்கு யாரோ கற்றுக்கொடுத்ததை ஆள் யார், இடம் எது என்று பார்க்காமல் செய்தேன். உங்களிடமும் அந்த முறை இருக்கிறது. தயவு செய்து அதை யோசிக்காமல் செய்யாதீர்கள்.

அவர் சொல்லி முடித்த பிறகு ராஞ்சிக்காரர் ஒருவர் கை தூக்கினார், சீட்டி தானும் கேட்கவில்லை என்றார். அப்புறம் நம் வரிசையிலிருந்து இன்னொருவர். அவ்வளவுதான், இரண்டு பேர். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, குடிசை எல்லோருக்கும் உண்டு. அந்த இரண்டு பேர் போதுமாக இருந்தது. எச்சரிக்கை கொடுக்கப்படவில்லை, மேஸ்திரி சொல்லித்தான் அவர் போனார், அவர் தவறால் சாகவில்லை என்று தாளில் ஏறியது.

மறுநாள் காலை அந்த அம்மாவின் குடிசைக் கூரைத் தகரத்தைப் பிரித்துவிட்டார்கள். பழுது பார்க்கிறோம் என்றார்கள். உள்ளே படுத்திருந்த மனுஷர் மேல் வெயில் அடித்தது. நான் செய்தி கேட்டு ஓடினேன். மின்னி பேயில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். "உங்க வூடு எதுக்கு?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிம்மாத்ரியின் மனைவிதான் இடம் கொடுத்தார். விசாரணை முடியாததால் அவருடைய குடிசையில் கை வைக்கக் காண்டிராக்டருக்குப் பயம். அங்கே தெலுங்கு வரிசையில் இந்தக் குடும்பம் மூன்று வாரம் இருந்தது. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. கடைத்தெரு இந்தியில் பத்து வார்த்தை வைத்துக்கொண்டு சமைத்தார்கள், நோயாளியைப் பார்த்தார்கள். செயலாளர் அதற்குள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். தெற்கே ஒரு தீவில் ரப்பர் தோட்டம் போட்டு, சிலோனிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்திக்கொண்டிருந்தார்கள். அங்கே இவர்களுக்கு இடம் பிடித்தார். என்னிடம் அந்த மூன்று வாரமும் அவர் அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு நாள், "உனக்குக் காது நல்லாயிருக்கு தங்கச்சி. நீ கேட்டதைச் சொல்றப்ப யார் யார் கேக்குறாங்கன்னும் பாக்கணும்" என்றார்.

கப்பல் ஃபீனிக்ஸ் பேயிலிருந்து கிளம்பியது. நான் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று வாசல் வரை வந்து இரண்டு முறை திரும்பியவள்தான். கப்பல் துறையில் ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய பாய், அந்த முதுகுக் கூடை. வீட்டுக்காரரைச் செயலாளர் கைத்தாங்கலாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கீழே சாமான்களோடு நின்றார்.

மன்னிப்புக் கேட்க நான் ஏழெட்டு வாக்கியம் தயார் செய்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே அழுதுவிட்டேன். அவர், "செரி, வுடுங்க. ரப்பரு தோட்டம்னு சொல்லுறாங்க. நமக்குத் தெரிஞ்ச வேலைதானே. அங்கன போனா நம்ம பேச்சு பேசுற ஆளுக இருப்பாங்க" என்றார்.

"நடந்ததை நான் யாருகிட்டயாவது சொல்லலாமாம்மா? எழுதலாமா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை ஒரு மாதத்துக்கு முன்னால், நோட்டுப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். நான் வாசிப்பதை யார் யார் கேட்பார்கள் என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"எழுதுங்க. நான் பேசுன மாதிரியே எழுதுங்க, இனி என்னா. அவரு பேரை வுட்டுறாதீங்க." கூடையைத் தூக்கி முதுகில் போட்டார். கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டே, "அங்க போயி எங்காளுககிட்ட நானும் சொல்லணுமில்ல, இப்புடி ஒரு டீச்சரம்மா வந்தாங்கன்னு. ஆமா, உங்க பேரு என்னா?" என்று கேட்டார்.

மூன்று நாள் அந்த லயத்தில் உட்கார்ந்து, ஊர் கேட்டு, வயது கேட்டு, புருஷனுக்கு என்ன நோய் என்று கேட்டு, எத்தனை பிள்ளை செத்தது என்றுகூடக் கேட்டு எழுதியவள் நான். என் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அறிக்கையிலும் என் பெயர் இல்லை, சங்கத்தின் பெயர்தான் இருந்தது. அந்தக் குவாரியில் எதையும் இழக்க வாய்ப்பில்லாத ஒரே ஆள் நான், பெயர் தெரியாமல் பத்திரமாக இருந்தவளும் நான்தான்.

"சரோஜா" என்றேன்.

"சரோசா" என்றார். இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்துக்கொண்டார், சிம்மாத்ரியின் பெயரைச் சொன்ன அதே கவனத்தோடு.

கப்பல் ஊதியது. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தகரப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

"கொம்பு ஊதிட்டான் சரோசாம்மா. தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார்.